ஒரு சாண் பேச்சு

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகையை அளக்கத் தெரியும் என்று நான் சொன்னால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

தெல்தோட்டைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பெண்களுக்கும் முதன்முதலாக வோட்டு வந்த காலம். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சிரமம் இல்லை. ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி, பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போடலாம். எங்கள் பக்கம் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. எனக்கும் ஒரு வோட்டு! அதற்கென்றே கண்டியில் ஒரு சேலை எடுத்து மடித்து வைத்திருந்தேன். கத்தரிப்பூ நிறம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. யாரும் குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

யாருக்குப் போடுவது என்பதுதான் கவலை. பத்திரிகையில் என்ன வருகிறது என்பது என் வீட்டுக்காரர் வாசித்தால்தான் எனக்குத் தெரியும். பின்னேரத் தேத்தண்ணிக்கு வருகிறவர்களுக்கு உரக்க வாசிப்பார். அவர் சிவப்புப் பக்கம். சிவப்புக்காரர் பேசியதை ராகம் போட்டு வாசிப்பார். பச்சைக்காரர் பேச்சு வந்தால், "இந்தப் பச்சோந்தியும் என்னமோ ஒளறியிருக்கான்" என்று முடித்துவிடுவார். கடையே சிரிக்கும். நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. சிரிக்காதவர், துணி மூட்டையோடு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிற, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர்தான். அவர் பச்சைப் பக்கம். கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வாசித்து முடித்ததும் மேசையைத் துடைக்கப் போனேன். பத்திரிகை விரிந்து கிடந்தது. இரண்டு பேர் படமும் இருந்தது. கடைத்தெருவுக்கு வந்துபோனவர்கள், முகம் தெரியும். படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைச் சாண் போட்டுப் பார்த்தேன். சிவப்புக்காரருக்கு அரைச் சாண். பச்சைக்காரருக்கு ஒரு சாண்.

"என்னங்க, அரைச் சாணை ஒரு கோப்பைத் தேத்தண்ணி முடியிற வரைக்கும் வாசிச்சீங்க. இந்த ஒரு சாண் மட்டும் ஒரே மூச்சுல முடிஞ்சிருச்சா?"

"போ புள்ள, எழுத்து தெரியாத ஒனக்கு என்ன தெரியும்?"

"அளக்கத் தெரியுமே. பச்சோந்தின்னு எந்த எடத்துல போட்டிருக்கு, காட்டுங்க."

நானா நிமிர்ந்தார். "தங்கச்சிட அளவு சரிதான் தம்பி. நான் துணி அளக்கிறவன், எனக்குத் தெரியாதா?"

"காதுல விழுறத வச்சுத்தான் நான் வோட்டுப் போடணும். முழுசா வாசிங்க" என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தார். நடுவில் குரல் தடுமாறியது. மழையில் பாதை இடிந்தபோது அதைச் சரிசெய்ய அலைந்தவர் சிவப்புக்காரர், அந்தப் பெருமை அவருக்கே சேரவேண்டும், தான் அவரோடு மாறுபடுவது வேறு விஷயங்களில் என்று பச்சைக்காரர் பேசியிருந்தார். சிவப்புக்காரரோ தன் அரைச் சாணில் பாதையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தன் ஆளுக்குக் கிடைத்த நல்ல பேரையே வாசிக்காமல் விழுங்கப் பார்த்தாரே என் வீட்டுக்காரர்! கடையில் எழுந்த சிரிப்பில் அவர் காது சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேர் பேச்சையும் முழுக்க வாசித்தார், என் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

வோட்டுப் போட்ட மறுநாள் நானா வந்தார். அவரிடம் மறைக்க மனம் வரவில்லை.

"சிவப்புலதான் போட்டேன் நானா. அந்தப் பாதைக்காக."

"அத ஒங்களுக்குச் சொன்னது எங்கட ஆள்தானே தங்கச்சி!"

அவர் சிரித்த சிரிப்பில் துணி மூட்டை சரிந்தது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய், நானாவுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றினார், சீனி ஒரு கரண்டி கூடப் போட்டு.