வாசற்படியில் ஒரு பள்ளம்

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சர்ச், நான் கால் வைத்தே இராத ஒரு நார்வே மலைக்கிராமத்தில் இருக்கிறது. முழுக்க மரம். இடைக்காலத்தில் கட்டியது. மில்பிடாஸில் நான் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி, பழைய கட்டடங்களை லேசரால் அளந்த ஸ்கேன்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து கொடுக்கும். குறுக்கே நடந்த ஆள், பறந்த பறவை, தூசி என்று வேண்டாத புள்ளிகளை அழிப்பது என் வேலை. "துடைப்பம் இல்லாம பெருக்கறதுக்கு ஒரு இன்ஜினியர்" என்று என் கணவர் கிண்டலடிப்பார்.

ஜனவரியில் அந்தச் சர்ச்சின் ஸ்கேன் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு வகுப்பே எடுத்தேன். அதற்கு முன்னால் கட்டியவர்கள் தூண்களை மண்ணில் நட்டார்கள்; அடி மக்கிச் சாய்ந்துவிட்டது. இவர்கள் கல்லின் மேல் கட்டைகளைப் பரப்பி அதன் மேல் தூணை நிறுத்தியதால் இன்னும் நிற்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை பைன் மரத் தார் பூசுவார்கள். உளுத்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புது மரம் பொருத்துவார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, "பேக்கப் எடுத்தியா?" என்றார். ஞாயிறு தவறாமல் என் லேப்டாப்பைத் தன் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுப்பது அவருக்குப் பூஜை மாதிரி. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸிலேயே மாரடைப்பு வந்து அவர் இறந்துபோனார்.

நான் அழவில்லை. நாங்கள் குடியிருக்கும் பிளசன்டனின் தமிழ் ஆன்ட்டிகள் ரசமும் பொரியலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கா பாரு" என்றார்கள். ஸ்ட்ராங்காவது, மண்ணாங்கட்டியாவது! பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காரியம் முடிந்த மறுவாரமே ஆள் கூப்பிட்டு வீட்டுக் கார்ப்பெட் முழுவதையும் ஷாம்பூ போட்டுக் கழுவச் சொன்னேன். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை அவர் நடந்து நடந்து அமுங்கிய தடம், மாடி ஹாலில் அவர் மேஜைக்குப் பக்கத்தில் கொட்டிய காபிக் கறை, எல்லாம் போகட்டும் என்று. கனமான சாமான்களை நகர்த்த மாட்டோம் என்றார்கள்; சரி என்றேன். ஏன் கழுவினாய் என்று கேட்டால் இவ்வளவுதான்: அழுக்காக இருந்தது, கழுவினேன். பதினாறு வயது மகள் கதவோரம் நின்று பார்த்தாள்.

மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். சர்ச்சின் வாசல் வந்தது. உயரமான வாசற்படி, மேலே ஒரு பள்ளம். ஸ்கேனர் தப்பாக அளந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். வாசற்படியை யாராவது மிதிப்பார்களா? தாண்டித்தானே போவார்கள்! சின்ன வயதில் அதன் மேல் நின்றதற்கு அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். கடல் தாண்டி வந்த இந்த ஊரிலும் ஒரு வீட்டு வாசற்படியை நான் மிதித்தது கிடையாது. பள்ளத்தை நிரவிச் சமமாக்கினேன். டிஸ்கில் இடமில்லை என்று லேப்டாப் புலம்பியது. ஒரிஜினல் ஃபைலின் மேலேயே சேவ் பண்ணினேன். பேக்கப் எடுத்தாயா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். சென்னைக்காரர், குரலை உயர்த்தவே தெரியாதவர்.

"அந்த வாசப்படில ஒரு பள்ளம் இருந்துச்சே, எங்கங்க?"

"ஸ்கேனர் எரர். ஃபிக்ஸ் பண்ணிட்டேன்."

அவர் குரல் இன்னும் தணிந்தது.

"எரர் இல்லங்க. எத்தனையோ நூறு வருஷமா ஜனங்க மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சது. கட்டை உளுத்துப் போச்சுன்னு போன வாரம் எடுத்திருக்காங்க. எடுக்கும்போதே உதிர்ந்துடுச்சாம். அவங்க வச்சிருந்த காப்பியும் ஓபன் ஆகல. இப்ப அந்தப் பள்ளம் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரிஜினல் வச்சிருக்கீங்க இல்ல?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். ஒரிஜினலின் மேலேயே சேவ் பண்ணியது நினைவுக்கு வந்து பயந்துபோனேன். அத்தனை வாரத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான். புருஷனுக்கு வராதது ஒரு மரக்கட்டைக்கு வருகிறதே என்று அசிங்கமாகவும் இருந்தது.

கணவர் ஹார்ட் டிஸ்கை வைத்திருக்கும் பை, அவர் ஆபீஸிலிருந்து வந்தபடியே கராஜில் கிடந்தது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள்தான் ஜிப்பை இழுத்தாள். டிபன் பாக்ஸுக்கு அடியில் ஹார்ட் டிஸ்க். கடைசிக் காப்பி, அவர் போவதற்கு முந்தின ஞாயிறு எடுத்தது. லேப்டாப்பில் செருகித் திறந்தேன். பள்ளம் இருந்தது. நடுவில்கூட இல்லை, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி. உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் கால் வைத்திருக்கிறார்கள்.

"டிட் யூ ஃபைண்ட் இட், மா?"

"கிடைச்சிடுச்சு. அப்பா எடுத்து வச்சிருக்கார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "கார்ப்பெட்டுக்குத்தான்டி பேக்கப் இல்ல. எல்லாத்தையும் நான் கழுவிட்டேன்."

"கம்" என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் புத்தக அலமாரி நின்றது. அது எதிர்ச் சுவரில் இருக்க வேண்டியது. இடம் மாறியிருப்பது அன்றுவரை என் கண்ணில் படவே இல்லை.

"ஐ புஷ்டு இட் ஹியர் பிஃபோர் தே கேம். டோன்ட் பி மேட், ஓகே?"

இருவருமாக அலமாரியைத் தள்ளினோம். அடியில், உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறை இருந்தது.

பழக்க தோஷம், மிதித்துவிடாமல் தாண்டிப் போகத்தான் காலை எடுத்தேன். முடியவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரியிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.