வஸ்தாது என்று எழுதிய கை

பிறர் வாயிலிருந்து வருவதைத் தாளில் ஏற்றும் தொழிலில், சொன்னவரும் படிப்பவரும் ஒருங்கே சந்தேகிக்கும் ஆள் எழுதுபவர்தான். வாக்குமூலமோ மனுவோ எழுதிப் பிழைத்த அன்பர்கள் இதை மறுக்கமாட்டார்கள். யுத்த காலத்தில் மயிலாப்பூரை அடுத்த ஒரு காவல் நிலையத்தில் நான் ரைட்டராக இருந்தேன்.

பெருமாள் என்னும் தலைவன்

அப்போது சைதாப்பேட்டைச் சந்தையில் இரண்டு ரௌடிக் கூட்டங்கள் சோடாப் புட்டிகளோடு மோதிக்கொண்டிருந்தன. கோஷ்டி எதுவாயினும் ஆட்களையும் தலைவனையும் பட்டியலில் ஏற்றுமாறு மேலிடம் உத்தரவிட்டது. எங்கள் ஏட்டு, உத்தரவை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்.

செருப்பு திருட்டுப்போனதாகப் புகார் சொல்ல வந்த ஒரு வைணவப் பெரியவர், "கோஷ்டியிலே சேவிச்சிண்டிருந்தேன், அப்போதான் போயிடுத்து" என்றார். பிரபந்தம் ஓதும் குழுவுக்கும் அதே பெயர் என்பது ஏட்டுக்குத் தெரியாது. எத்தனை பேர், எத்தனை வருஷம், யாருக்காக என்று அடுக்கினார். பதினைந்து பேர், முப்பது வருஷம், பெருமாளுக்காக என்றார் பெரியவர். "பெருமாள், தகப்பன் பெயர் தெரியாது" என்று என்னை எழுதச் சொல்லிவிட்டு, அவனை உடனே கூட்டிவரும்படி ஏட்டு அதட்டினார்.

"உற்சவத்துக்கே தோளிலே தூக்கினாத்தான் வருவார், நீர் கூப்பிட்டா வருவாரோ ஓய்?"

கத்திரிக்கோல்

ஏட்டைப் பார்த்துச் சிரித்த எனக்கும் முறை வந்தது. அடுத்த சந்தை மோதலன்று காதர் என்னும் தையல்காரரைப் பிடித்து வந்தார்கள். பையில் பெரிய கத்திரிக்கோல். சந்தையில் என்ன வேலை என்றதற்கு, "உஸ்தாத் அனுப்ச்சாரு, வந்தேன்" என்றார். சொற்களின் திரிபுகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அந்நாளிலேயே உண்டு. உஸ்தாத் என்பதே தமிழில் வஸ்தாது ஆயிற்று என்று என் குறிப்பேடு சொல்லிற்று. ஆகவே, வாக்குமூலத்தைச் செப்பம் செய்யும் பெருமிதத்தோடு "வஸ்தாது அனுப்பினார்" என்று எழுதினேன்.

சென்னைத் தெருக்களில் வஸ்தாது என்றால் மல்யுத்தம் பழக்குகிறவன். காவல்துறையின் அகராதியிலோ அடியாட்களைத் திரட்டுகிறவன். இன்ஸ்பெக்டருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. காதரின் பெயர் கேடிப் பட்டியலில் ஏறியது. காலையும் மாலையும் நிலையத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும். அவரோ சாந்தோமில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வீடு தேடிப் போய் அளவெடுத்துக் கல்யாணத் துணி தைப்பவர். என் மேசையருகே நின்றார்.

"கேடின்னு தெரிஞ்சா எந்த வூட்ல சாமி என்னை அளவெடுக்க உள்ள வுடுவாங்க?"

தேடிப்போன வஸ்தாது

காதர் நடிக்கிறார் என்றே நானும் எண்ணினேன். அந்த வஸ்தாதைக் கண்ணால் பார்த்துவிடுவதென்று, துணி தைக்க வந்தவன்போல் அவர் வேலை செய்யும் கடைக்குப் போனேன். உள்ளே கழுத்தில் அளவுநாடாவும், தடித்த கண்ணாடியும், நடுங்கும் விரல்களுமாக ஒரு கிழவர். காதர் அவரை "உஸ்தாத்" என்று அழைத்தபோதுதான் எனக்கு விளங்கிற்று: தையல்கடையில் தலைமைத் தையல்காரருக்கு அதுவே பெயர். பித்தான் வாங்கவும் கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கவும் காதரை அனுப்பியவர் அவர்தான். நான் எழுதியதை ஒப்புக்கொண்டேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நான் வஸ்தாதா? ஊசில நூல் கோக்கவே எனக்கு இவன் கண்ணு வோணும், நைனா!"

இரண்டு பாடம்

பிழை என்னுடையது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "உன்னை யார் வந்து பார்த்தாங்க?" என்றார் அவர், நான் பணம் வாங்கிவிட்டதாக எண்ணி. திருத்த வேண்டுமானால் நானே வாக்குமூலம் தர வேண்டுமாம். மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்தேன், ஏட்டு எழுதினார். "இது ஒரே சொல்லின் இரண்டு பாடம், தவறான பாடம் என்னுடையது" என்றேன், ஒரு சொல் பிரதிக்குப் பிரதி மாறும் வடிவத்தைப் பாடம் என்னும் புலவர் வழக்கில். ஏட்டு "இரண்டு படை" என்று எழுதிவிட்டார். அதைப் படித்த இன்ஸ்பெக்டர், ஒரு படை என்னுடையதா என்று கேட்டார். தையல்கடைக் கிழவரையே நேரில் அழைத்து, அவர் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறியதைக் கண்ட பிறகுதான் காதர் பெயரின் மேல் கோடு விழுந்தது. அதன் கீழேயே என் பெயரும், பக்கத்தில் "கவனிக்கவும்" என்ற குறிப்பும் ஏறின. மாலைக் கையெழுத்துக்கு வந்த காதர் இரண்டையும் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, என் எடம் காலியாவக் கூடாதுன்னு நீங்க வந்து குந்திக்கினீங்களா?"

அதன்பின் ஊர் ஊராகப் போய் நான் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளிலும் பாட்டுகளிலும் பிறர் சொல்லை ஓர் எழுத்தும் திருத்தியதில்லை. என் பெயரை அந்தப் பட்டியலில் எவரேனும் திருத்தினார்களா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.