கவர் கிழிக்காத சீட்டு

சங்ககிரிக்குப் போகிற ரோட்டோரம், நடமாட முடியாதவர்களுக்கான இல்லம் ஒன்றில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நான் நர்சாக வேலை பார்த்தேன். அங்கே சக்கர நாற்காலிகளுக்குக் குறைவே இல்லை. யாராவது பெரிய மனிதருக்கு அறுபதாம் கல்யாணம் என்றால் ஒரு வண்டி வரும், தேர்தல் என்றால் இரண்டு வரும். முதுகுப் பக்கத்தில் கொடுத்தவர் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி, மாலை போட்டு, படம் பிடித்துக்கொண்டு போவார்கள். கொடுப்பதற்கு முன்னால் அதில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த புண்ணியவான் ஒருவரையும் நான் கண்டதில்லை. நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க இடுப்பு கடுத்தது.

அந்த வண்டிகளில் இருக்கை என்று இருந்தது வெறும் கித்தான் துணி. வந்த புதிதில் விறைப்பாக இருக்கும், ஒரு மாதத்தில் தூளி மாதிரி தொங்கிவிடும். அதில் உட்கார்ந்தால் இரண்டு தொடையும் ஒன்றையொன்று நெருக்கும், முதுகு வளையும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரியும். சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் மோவாய் நெஞ்சில் இடிக்கத்தான் சோறு விழுங்குவார்கள். நாங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே இருப்போம். வேண்டாம் தாயே, படுத்தே கிடக்கிறோம் என்று அவர்கள் கும்பிடுவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று வார்டன் அம்மா சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் அந்த லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அதற்கு மேலே முதுகு முழுக்க எரிச்சல். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், அவனும் லாரி டிரைவர். வடக்கே லைனுக்குப் போனால் திரும்பி வர மாதம் ஆகும். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வீட்டில் அவரைப் புரட்டிப் போட ஆள் இல்லை, அதனால் இங்கே கொண்டுவந்து விட்டான்.

மகன் முதல் தடவை பார்க்க வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கட்டிலோரம் நின்று, உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்து வைத்துவிட்டுப் போகிறவரைக்கும் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போனதும் நான் சண்டைக்குப் போனேன்.

"ஏனுங்க, அத்தன தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்த பையனுங்க. மொகத்தக்கூடக் காட்டமாட்டீங்களா?"

"வாயே வரல அம்மிணி," என்றார். "ஊட்டுக்கு யார் வந்தாலும் எந்திரிச்சு நின்னு வாங்கன்னு கூப்பிட்டுப் பழகுனவன் நானு. பொணமாட்டக் கெடந்துக்கிட்டு, பெத்த பையனை எப்படி வான்னு கூப்பிடறது?"

பிறகு அவராகவே சொன்னார். "நிக்கத்தான் முடியாது. அவன் வாரப்ப உட்கார்ந்தாச்சும் இருக்கோணும். அது ஒண்ணு மட்டும் பண்ணிக் குடு சாமி."

சரியென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. ரப்பர் வளையத்தில் காற்றடித்து வைத்தேன், பக்கவாட்டில் சாய்ந்து விழப் போனார். இலவம் பஞ்சு மெத்தை போட்டேன், ஒரே வாரத்தில் அப்பளமாகிவிட்டது. தேங்காய் நார் மெத்தையில் தோல் சிவந்தது. உணர்வில்லாத உடம்பு, வலிக்கிறது என்று அது சொல்லாது. நாம்தான் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி, மேலே துணி விரித்து, அவரை அதன்மேல் உட்கார வைத்தேன். "என்ன அம்மிணி, என்னைய நட்டு வெக்கறயா?" என்று சிரித்தார். தூக்கிப் பார்த்தபோது மணலில் இரண்டு குழி ஆழமாகப் பதிந்திருந்தது. உட்காரும் எலும்பு இரண்டும் அழுத்துகிற இடம். உடம்பின் மொத்தப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது. அதன்மேல் பழுப்புக் காகிதத்தை வைத்து அளவெடுத்து, அடுத்த முறை மகன் வந்தபோது கையில் கொடுத்தேன். துணி தொங்காமலிருக்க அடியில் பலகை, அதன்மேல் நுரை மெத்தை, எலும்பு வருகிற இடத்தில் குழிவு, சரியாமலிருக்க முன்பக்கம் ஒரு விரல் உயரம். ரெக்சின் மட்டும் கூடவே கூடாது, வேர்க்கும், பருத்தித் துணிதான் வேண்டும் என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவனுடைய லாரிக்குச் சீட்டு தைத்த நாமக்கல் பட்டறையிலேயே கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டு அவன் கல்கத்தா லைனுக்குக் கிளம்பிப் போனான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், வேறொரு லாரிக்காரர் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து இறக்கினார். அழகென்றால் அப்படி ஓர் அழகு. டிரைவர்கள் சட்டைக்கு எடுக்கிற காக்கித் துணி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். நான் சொன்னதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நான் சொல்லாத ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தது. முழுச் சீட்டுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கவர் போட்டு, அடிப்பலகையில் ஆணி அடித்து அனுப்பியிருந்தார்கள்.

நாமக்கல்லில் பாடி கட்டி வெளியே வருகிற எந்த லாரியில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். சீட்டுக் கவரை யாரும் கிழிக்கமாட்டார்கள். தொடை வெந்தாலும் சரி, அது தானாக நைந்து போகிறவரை கிடக்கும். கவர் இருக்கிற வரைக்கும் வண்டி புதுசு. கவரைக் கிழித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பொருளின் அருமை தெரியாதவன் என்பார்கள்.

நான் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கை, லேசில் விடாது.

"கிழிக்காதே அம்மிணி. அவன் வந்து கண்ணால பார்த்துப்போட்டு அவங்கையால கிழிக்கட்டும்."

"வேர்த்து வழியுமுங்க. தோல் பிஞ்சு போயிரும். இதுக்காகத்தானுங்களா இத்தன பாடு பட்டேன்?"

"என்னையாட்ட ஆளு நித்தம் உட்கார்ந்தா அழுக்காப் போயிருமில்ல. அவன் ஆசையாச் செஞ்சது. வாரப்ப புதுசா இருக்கோணும். இந்த வாரம் வந்துருவான்."

சத்தம் கேட்டு வார்டன் அம்மா வந்தார். பெரியவர் கண்ணில் நீரைப் பார்த்ததும் கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நாலு நாள்ல என்ன ஆயிரப் போகுது? வயசானவங்க மனசை நோகடிக்காதே" என்றார். மனசைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தோலைப் பற்றித்தான் யாருக்கும் கவலையில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அந்த வார்த்தைக்காக என்னை ஒரு வாரம் சமையல்கட்டுப் பக்கம் மாற்றினார்கள்.

அந்த வாரம் மகன் வரவில்லை. வழியில் எஞ்சின் கோளாறு, அது சரியான பிறகு ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை என்று லாரி ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான். இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று பெரியவர் தினமும் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு அந்தச் சீட்டில் ஏறிவிடுவார். முதுகு நிமிர்ந்து, சரியாமல், கிண்ணென்று உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். கீழே பிளாஸ்டிக்கில் வேர்வை குளமாக நிற்கும். நான் வார்டுக்குத் திரும்பி வந்து பருத்தித் துண்டை மடித்துப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். மணிக்கொரு தரம் தூக்கித் துடைத்துவிட்டேன், திட்டிக்கொண்டேதான். அதற்குள் தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது. பிறகு ஒரு காலையில் புண் திறந்துகொண்டது.

இனி உட்காரவே கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டோடு வண்டியைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தச் சொன்னார் பெரியவர். புண்ணில் சீழ் வைத்து வந்த காய்ச்சலில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வைகாசியில் மகன் வந்தான். கேட்டில் லாரி நிற்கிற சத்தம் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "தூக்கு அம்மிணி. அவன் வாரப்ப மட்டும், ஒரே ஒரு நிமிஷம்" என்று என் கையைப் பிடித்தார். டாக்டராவது மண்ணாங்கட்டியாவது என்று நானும் ஆயாவும் சேர்ந்து தூக்கினோம். கட்டிலில் நிமிர்த்தியதுமே தலை நிற்கவில்லை, கண் செருகியது. மெல்லத் திரும்பப் படுக்க வைத்தோம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதற்குள் மகன் உள்ளே வந்துவிட்டான்.

இந்தத் தடவை அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. "வா சாமி," என்றார். "இத்தன நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். இப்பத்தான் படுத்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். "ஆமாங்க. காலையிலருந்து உட்கார்ந்துதானுங்க இருந்தாரு" என்றேன்.

அவன் சீட்டுக்கு அருகே போய், பிளாஸ்டிக்கின் மேல் கையை வைத்துத் தடவினான். அவன் முகம் மலர்ந்தது.

"இன்னும் புதுசாட்டமே இருக்குதுங்க ஐயா."

பெரியவர் என்னைப் பார்த்தார். பார்த்தாயா, நான் சொன்னேனில்லை என்கிற பார்வை. அப்படி ஒரு ஜெயித்த முகத்தை அதற்கு முன்னால் அவரிடம் நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த இடத்திலேயே ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. கவரைக் கிழிக்கச் சொல்லி அவர் மகனிடம் கேட்கவில்லை, மறந்துவிட்டார்.

அடுத்த லைனுக்கு அவன் கிளம்புவதற்கு முன்பே பெரியவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மொட்டைத் தலையோடு வந்தான். சீட்டை எடுத்துப் போகிறானோ என்று பார்த்தேன். "இங்கயே இருக்கட்டுங்கக்கா. வேற யாராச்சும் உட்காரட்டும்" என்றான்.

கவரை அவனையே கிழிக்கச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கொடுத்தேன். ஆணி ஓரமாகவே வெட்டி, கவரை உரித்து எடுத்தான். உள்ளே காக்கித் துணியில் புதுத்துணி வாசனை அப்படியே இருந்தது. என் காகிதத்தை வைத்து, எலும்பு வருகிற இடம் தெரிவதற்காகப் பட்டறையில் சாக்பீசால் போட்ட வட்டங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. கவர் இல்லாமல் அவர் ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் அழிந்து போயிருக்கும்.

"இது என்னங்கக்கா?" என்று கேட்டான்.

"உங்கய்யன் உட்கார்ற எடமுங்க," என்றேன். அவன் அந்த இரண்டு வட்டத்தின் மேலும் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டான்.