வலது பக்கம் அடங்கியிருக்கு

என் மச்சானுக்குக் கடைத்தெருவில் பொட்டுக்காரர் என்று பெயர். அவர் பொட்டு வைத்தது இயர்போன்களுக்கு.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடை என்னுடையது. பத்தடி நீளம், ஆறடி அகலம். மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்பக்கம் நான் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் செல்போன்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். வாசல் பக்க மேசை அவருடையது. அதில் வயர் வைத்த மலிவு இயர்போன் மட்டும்தான். கம்பெனிப் பெயர் கிடையாது, ஐம்பது ஐம்பதாகப் பையில் கட்டி வரும். அந்த விலைச் சரக்கை யாரும் சோதித்து விற்க மாட்டார்கள். வேலை செய்தால் வாங்கினவன் அதிர்ஷ்டம், இல்லையென்றால் அவன் தலையெழுத்து. மச்சான் மட்டும் ஒவ்வொன்றையும் தன் காதில் மாட்டிப் பார்த்துத்தான் தொங்கவிடுவார். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும் மச்சான்" என்றேன்.

"வாங்கறவங்க காதும் சுண்டைக்காயா மாப்பிள்ளை?" என்றார்.

அவர் சோதனை செய்வதைப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பார். பிறகு சத்தம் எதுவும் போடாமல் வெறுமனே மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடப்பார். வயர் சட்டையில் உரசுவது காதுக்குள் எலி சுரண்டுவதுபோல் கேட்டால், அதன் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்து, மாட்டின காதை அடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம். "ஜனங்க இதைப் போட்டுக்கிட்டு படுக்கத்தான் போறாங்க, அணிவகுப்பா நடத்தப் போறாங்க" என்பார். ரப்பர் முனை உறுத்தினாலோ, பிளாஸ்டிக் விளிம்பு காதை அறுத்தாலோ, சத்தம் தேனாக இருந்தாலும் தள்ளிவிடுவார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சத்தம். அதற்கும் பாட்டு கிடையாது. வானிலை அறிக்கை வாசிக்கும் ஒரு பெண்ணின் குரலைப் போனில் வைத்திருந்தார். மலிவு இயர்போன் செய்கிறவன் அடிச்சத்தத்தை ஏற்றிவிட்டு மற்றதை அதற்குள் ஒளித்துவிடுவான். பாட்டுப் போட்டால் மண்டை அதிரும், ஆகா என்று தோன்றும். பேச்சைப் போட்டால் சாயம் வெளுத்துவிடும். அந்தப் பெண் வாளிக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டால், "அடி இருக்கு, ஆள் இல்ல" என்று ஓரமாகப் போடுவார். தேறினால், போனில் சொருகும் பின்னுக்கு மேலே சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. பாலிஷ் என் மனைவியுடையது. கொஞ்ச நாளில் கடைத்தெருவே "பொட்டு வெச்சது குடுங்க" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தது.

ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்று யாராவது திரும்பி வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க." இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால், குறை இயர்போனோடு இடம் மாறுகிறதா, காதோடு அங்கேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். காதில் அழுக்கை அடைத்துக்கொண்டு எங்கள் சரக்கைப் பழித்த எத்தனையோ பேர் அந்த இடத்திலேயே அசடு வழிந்திருக்கிறார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருக்கோடியில் ஒரு மாடி அறை. ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவிக்கு அவர் வெறும் அண்ணன் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனதும் அவர்தான். அந்த உரிமையில்தான் அவள் ஒரு தையல்காரப் பெண்ணைப் பார்த்து, எல்லாம் பேசி முடித்துவிட்டு அவரிடம் வந்து நின்றாள். அவர் அந்தப் பெண்ணை இரண்டு முறை பார்த்துப் பேசினார். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணமும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் என் மனைவிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நீ யாருக்கும் ஆக மாட்டே. தனியாவே கெடந்து சாவு" என்று சொல்லிவிட்டாள்.

மச்சான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவி வைத்தார், போனார். மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். அவர் அதை அன்றைக்கே விட்டுவிட்டார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். இவளால் விட முடியவில்லை. மன்னிச்சுக்கோ என்ற சொல் அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் சுலபத்தில் வராது. சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் அதற்குப் பிறகு அவள் மனசில் கிடந்து அரித்தது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மச்சான் சரக்கைத் தள்ள ஆரம்பித்தார். ஐம்பதில் நாலைந்து தள்ளுகிறவர் பதினைந்து தள்ளினார், அப்புறம் முப்பது. எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு: "வலது பக்கம் அடங்கியிருக்கு." நான் மொத்தத்தையும் சரக்கு கொண்டுவருகிறவனிடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் அதே பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மச்சான் டீ குடிக்கப் போயிருந்த நேரம்.

"அம்பதையும் போட்டுப் பாத்தோம்ணே. ஒண்ணுலயும் ஒரு கொறையும் இல்ல. நீங்களே பாருங்க" என்றான்.

பார்த்தேன். வானிலைப் பெண் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரிபோல் தெளிவாகப் பேசினாள். பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காதை வைத்துப் பேர் வாங்கின மனிதனிடம், பழுது சரக்கில் இல்லை, உங்கள் காதில் என்று எப்படிச் சொல்வது? நான் வேறொரு காரியம் செய்தேன். அவர் வெளியே போகும் நேரம் பார்த்து, அவர் தள்ளினதையெல்லாம் எடுத்து நானே போட்டுப் பார்த்து, நானே பொட்டு வைத்துத் தொங்கவிட்டேன். வாங்கினவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கள்ளப் பொட்டு வைத்தேன்.

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் இடத்துக்கு வலது கைப்பக்கம் அடுப்படி. இவள் அங்கிருந்து "அண்ணே, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"பாத்தீங்களா, கூப்பிட்டா திரும்பறதே இல்ல. அன்னைக்குச் சொன்னதை இன்னும் மனசுல வெச்சிருக்காரு" என்று என்னிடம் கண்ணைத் துடைத்தாள்.

"உனக்கு வேற வேலை இல்ல" என்று எரிந்து விழுந்தேன். காரணம் தெரிந்தவனுக்குத்தான் அப்படி எரிச்சல் வரும்.

ஒரு மத்தியானம் கரண்டு இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மச்சான் மேசையைத் துடைத்தபடியே பேசினார்.

"மாப்பிள்ளை, நேத்து நான் பொட்டு வெச்சது பதினொண்ணு. இப்ப தொங்கறது முப்பத்தி நாலு."

நான் ஸ்குரூவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"காதுதான் போச்சு. கண்ணு இருக்கு" என்றார்.

மாட்டிக்கொண்ட வெட்கம் எனக்குக் கோபமாக வந்தது. "ஊருக்கெல்லாம் மாத்திப் போட்டுப் பாருன்னு சொல்றீங்களே, நீங்க ஒரு தடவை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

"மொத நாளே பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு இத்தனை மாசமா நல்ல சரக்கைத் தள்ளினீங்க?"

"அம்பதுல ஒண்ணுலயாவது பழையபடி கேக்கும்னு பாத்தேன் மாப்பிள்ளை."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது பக்கம் சோதித்த நேரம் முழுக்க அவர் விரல் அசையவே இல்லை. வெளியே வந்தவர், அங்கிருந்த பெண்ணிடம், "மெத்தை நல்லா இருக்கும்மா, ரொம்ப நேரம் போட்டாலும் உறுத்தல" என்று மட்டும் சொன்னார். வலது நரம்பு செத்துவிட்டது, மெஷின் வைத்தும் பிரயோசனம் இல்லை, இடதும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரது இடது பக்கம் உட்கார்ந்தேன்.

"தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"ஏன்? அவ நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"நெனக்கட்டும். கோவம்னு நெனச்சா சத்தம் போடுவா. சத்தம் போட்டா எனக்குக் கொஞ்சம் கேக்குது. விஷயம் தெரிஞ்சா, தன் வாய்தான் பலிச்சுதுன்னு உக்காந்து அழுவா."

நான் தலையாட்டினேன். கேட்டவர் முட்டாள் என்றால் தலையாட்டினவன் அடிமுட்டாள்.

அதற்குப் பிறகு கடையில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சத்தம் நான் பார்த்தேன். மாட்டிப் படுத்து உறுத்துகிறதா என்று அவர் பார்த்தார். அந்தக் கணக்கில் அவர் கடைசிவரை தவறவே இல்லை. அவர் போட்ட கணக்கு பிசகியது வீட்டில்தான். இவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தார். இவளோ, பேசிப் பேசிப் பதில் இல்லாமல் போனதும், பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தட்டை வைப்பாள், போவாள். அவர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. நடுவில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் இடது பக்கம் ஒருக்களித்தே படுத்திருப்பார், முகம் சுவரைப் பார்த்து. நான் போனால் அவர் தோளைத் தொட்டு, மெல்லத் திருப்பி, உதடு தெரிகிற மாதிரி பேசுவேன். பகல் முழுக்க இவள்தான் முதுகுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதால், வீட்டுக்கு வந்ததும் என்ன ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆறாவது நாள் காலையில் அவர் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் அறையைக் காலி செய்யப் போனோம். இவள் தரையில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"அஞ்சு நாளும் செவுத்தையே பாத்துக்கிட்டு படுத்திருந்தாருங்க. என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல. கடைசி நாள் சாயங்காலம் மனசு கேக்காம, காதுல வாயை வெச்சு சொன்னேன். அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பெத்த பிள்ளையா நெனச்சு விட்டுடுன்னு. எத்தனை வருஷம் உள்ளுக்குள்ள வெச்சிருந்து சொன்னேன் தெரியுமா? திரும்பவே இல்ல. என்னை மன்னிக்காமலே போயிட்டாரு."

எந்தக் காதில் என்று நான் கேட்க வேண்டியதில்லை. இடது காது தலையணைக்குள் புதைந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டால், அண்ணன் கோபத்தோடே போனார் என்று காலம் முழுக்க அவள் வெந்துகொண்டிருப்பாள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, என்மேல் அதைவிட. சொன்னேன். கள்ளப் பொட்டிலிருந்து பஸ்ஸில் தலையாட்டினது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்போ கோவமே இல்லையா?" என்றாள்.

"ஒரு நாளும் இல்ல."

மடியில் இருந்த சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் அவள் முகம் தெளிந்ததுபோல் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் சொன்னது அவருக்குக் கேக்கவே இல்லையா?"

இரண்டு வருஷம் பொய்யிலேயே குடித்தனம் நடத்தினவன் நான். அந்த நேரத்துக்கு ஒரு பொய் வரவில்லை.

"கேக்கல" என்றேன்.