ஞாயிறன்று மழை பெய்யாத ஊர்

609 ஞாயிற்றுக்கிழமைகள். 2014 பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த அக்டோபர் முதல் வாரம் வரை, அத்தனை ஞாயிறும் காளீஸ்வரி அலுவலகம் போயிருக்கிறாள்.

காரைக்குடியை அடுத்த ஓர் அரசு அலுவலகத்தின் பின்பக்கம், கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி நிற்கிறது. தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மில்லிமீட்டர் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். தற்காலிக உதவியாளரான காளீஸ்வரியின் வேலை அது. மகளுக்குக் காது குத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்க, ஆசாரி ஊசியோடு காத்திருக்க, இவள் அரியக்குடியிலிருந்து மொபெட்டில் போய் ‘மழை இல்லை’ என்று எழுதிவிட்டு வந்தாள். “அந்த இல்லைய எழுதத்தான் அம்புட்டுத் தூரம் போனியாக்கும்?” என்று அண்ணன் கேட்பது இன்னும் ஓயவில்லை.

அவளுக்கு முன் ஒன்பது வருஷம் இதே வேலையைப் பார்த்தவர் பாண்டியராஜன். இப்போது அதே அலுவலகத்தில் கண்காணிப்பாளர். காளீஸ்வரியை நிரந்தரமாக்கும் கோப்பு அவருடைய ஒரு கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடக்கிறது. அவர் காலத்தில் ஞாயிறு என்பது கறி எடுக்கும் நாள். அன்றைய மழையையும் திங்கட்கிழமை மழையையும் சேர்த்தே அளப்பார். பதிவேட்டில் ஞாயிறுக்கு நேரே சைபர். “மானத்துலேர்ந்து விழுந்தது எங்க ஓடிறப் போகுது? டப்பாவுக்குள்ளதான கெடக்கும்” என்பது அவர் கொள்கை.

இந்த அக்டோபரில் காரைக்குடிக்கு உலகம் வந்தது. உலகளாவிய சுற்றுச்சூழல் மாற்றத்தை ஆராயும் இளம் விஞ்ஞானிகளின் பன்னாட்டு மாநாடு. முப்பத்தொரு நாட்டுக்காரர்கள். ஹோட்டலாக மாறிவிட்ட பழைய செட்டியார் வீடு ஒன்றில் நடந்தது. உயரக் கூரையும் சுண்ணாம்புச் சுவருமாக வெயில் அண்டாமல் கட்டிய வீடு என்று சொல்லித்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பிறகு முற்றத்தைத் தார்ப்பாயால் மூடி எட்டு ஏசி மாட்டினார்கள். ‘உள்ளூர்ப் பண்பாட்டுக்காக இரண்டு பெண் ஊழியர்கள்’ வேண்டும் என்று அலுவலகங்களுக்குக் கடிதம் போனது. காளீஸ்வரிக்குப் பன்னீர்ச் செம்பு விழுந்தது.

சனிக்கிழமை எட்டரைக்கு 11.4 மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு, ஒன்பதரைக்கு ஹோட்டல் வாசலில் நின்று அவள் உலகத்தின் மேல் பன்னீர் தெளித்தாள். அது மறுசுழற்சித் தண்ணீரா என்று ஒரு விருந்தினர் விசாரித்தார்.

மதியம் போஸ்டர் போட்டி. விஞ்ஞானிகள் தத்தம் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார்கள். அதிகக் கூட்டம் தீக்ஷாவிடம். கோயம்புத்தூர்ப் பெண், ஜெர்மனியில் ஆராய்ச்சி. ஊர் நிருபர்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்.

“இந்த ஊர்ல 2005லேர்ந்து 2013 வரைக்கும் ஞாயித்துக்கிழமை மழையே கிடையாது. திங்கட்கிழமை ரெட்டிப்பு. ஞாயிறு வண்டி ஓட்டம் கம்மி, புகை கம்மி, அதனால மேகம் திரளல. ஆனா 2014ல இந்தச் சுழற்சியே ஒடஞ்சிருச்சு. உலகத்துக்கே இது எச்சரிக்கை.”

கைதட்டல். அலுவலகத்தின் சார்பில் விருந்தினராக வந்து, நாற்காலியில் பணியாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த பாண்டியராஜனும் தட்டத்தான் போனார். 2014 என்றதும் கை பாதியில் நின்றது. எழுந்து காளீஸ்வரியிடம் வந்தார்.

“ஏம்மா, பன்னீர் தீந்துருச்சு போல. அங்குட்டுப் போயி ரொப்பிட்டு வா.”

“நெறையத்தான் இருக்கு சார்.”

“இருந்தாலும் போ. ஒன் ஃபைல திங்கக்கெழம எடுத்துப் பாத்துருவோம்னு இருக்கேன்.”

அந்தத் திங்கட்கிழமைக்காகப் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறாள். செம்போடு நாலடி நடந்தாள். பின்னால் தீக்ஷாவின் குரல்: “2014ல அப்படி என்ன மாறுச்சுன்னு மட்டும் தெரியல. அதுக்கு இன்னும் மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணணும்.”

மூணு வருஷமா! காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்தாள்.

“பாப்பா, மழை மாறல. ஆளுதான் மாறுச்சு.”

“எந்த ஆளு, அக்கா?”

“அளந்து எழுதுற ஆளு. முன்னாடி இருந்தவுக ஞாயித்துக்கெழம வர மாட்டாக. திங்கக்கெழம வந்து ரெண்டு நாத் தண்ணியையும் ஒண்ணா அளப்பாக. 2014லேர்ந்து நான் வாரேன்.”

“ஞாயித்துக்கிழமையுமா?”

“மழை கெழம பாத்தா பெய்யுது?”

“முன்னாடி இருந்தது யாரு?” என்று ஒரு நிருபர் கேட்டார். காளீஸ்வரி பெயர் சொல்லவில்லை. பாண்டியராஜனுக்குப் பணியாரம் புரையேறியது. தண்ணீர் கொடுத்தவர்களுக்கு விவரம் புரிந்துவிட்டது.

போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாகத் தீக்ஷா அன்று மாலையே நடுவர்களிடம் சொன்னாள். கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது என்றார்கள். மனிதர்களின் நடவடிக்கையால் மழையளவு மாறுகிறது என்பதுதானே ஆய்வின் முடிவு, அது இப்போது இன்னும் உறுதியாகியிருக்கிறது என்றார் தலைமை நடுவர். ஞாயிறு மாலை பரிசு கொடுத்தார்கள். தீக்ஷா வாங்க வரவில்லை. அவள் சார்பில் ஹோட்டல் மேலாளர் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பாண்டியராஜன் சொன்ன சொல் தவறாமல் கோப்பை எடுத்தார். உள்ளே ஒரு மெமோவைச் சேர்த்தார்: பதினோரு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில், முன் அனுமதியின்றி அலுவலக வளாகத்துக்குள் நுழைந்தது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

விளக்கம் கொடுத்துவிட்டாள். கோப்பும் மெமோவும் ஒரே நாடாவில் கட்டிச் சிவகங்கை மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன. விசாரணை நவம்பர் பதினேழாம் தேதி.