பச்சைத் தண்ணி கேட்ட குழந்தைவேலு

செல்லக்கனி வெள்ளனே போன் செய்தாள். வட்டக்கானல் சரிவில் என் விடுதிக்குக் கீழே, ஊற்றை ஒட்டிய தெருவில் இருப்பவள். பூண்டு வியாபாரம். சாதாரணமாக அவள் போனில் பேசினால் போனே தேவையில்லை, அடுத்த மலைக்குக் கேட்கும். அன்றைக்குக் குரலே எழவில்லை. "மாமா, நம்ம சானிட்டரி சார் போயிட்டாராம். கன்னிவாடியில இருந்து தகவல் வந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றாள்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் குழந்தைவேலு காலமான செய்தி பரவியதும், பழனி மலைத்தொடரின் ஈக்கள் எல்லாம் பொது விடுமுறை அறிவித்தன. கொசுக்கள் ஊர்வலம் போயின. எலிகள் மட்டும், நம்பாமல், இரண்டு நாள் பொந்துக்குள்ளேயே இருந்தன. மிகையாக எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரில்தான் குழந்தை. ஆள், யூகலிப்டஸ் மரத்துக்குக் காக்கிச் சட்டை மாட்டிவிட்டது போல இருப்பார். தோளில் ஒரு துணிப்பை. அதில் பிளீச்சிங் பவுடர், சோதனைக் குழாய்கள், டார்ச் லைட், ஒரு நோட்டு. கடைக்குள் நுழைந்தால் லைசென்ஸ் கேட்கமாட்டார், அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கமாட்டார். உட்கார்ந்து, "ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி குடுங்க" என்பார். மார்கழிக் குளிரில், மூக்கு நுனி உறைந்து கழன்று விழும் வேளையிலும் அதேதான். சுடுதண்ணீர் தருகிறேன் என்று கடைக்காரர் பதறினால், "சுட வச்சா எல்லாத் தண்ணியும் யோக்கியந்தான். பச்சையாக் குடுங்க" என்பார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். குடித்துவிட்டால் கடை பிழைத்தது. குடிக்காமல் கீழே வைத்துவிட்டால், அடுத்த பத்தாவது நிமிடம் கடைக்காரர் மொட்டை மாடியில் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருப்பார். அபராதம் போட்டு அவரை நான் பார்த்ததே இல்லை. அந்த டம்ளர் மேஜையில் வைக்கப்படும் சத்தம் போதும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் புத்திசாலித்தனமாக, விலைக்கு வாங்கிய பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குழந்தைவேலு ரசித்துக் குடித்தார். அருமையாக இருக்கிறது, இன்றைக்கு மாவு பிசைவதும் பாத்திரம் கழுவுவதும் இதே தண்ணீரில் நடக்கட்டும், நான் பார்த்துவிட்டே போகிறேன் என்று சொல்லி, சாயங்காலம் வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் வாங்கித் திறந்த பாட்டில்களை அடுக்கியிருந்தால் நிலாவுக்கு ஏணி கட்டியிருக்கலாம். மறுநாள் அந்தக் கடைக்குப் புதுத் தொட்டி வந்தது.

அதற்காக அவரை வெறும் விறைப்புக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருமுறை வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். வழித்துணையாக நானும் போனேன். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அங்கே ஊரே கோயில். வெறுங்காலில் நடந்தால் வயிற்றில் புழு ஏறும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிற மனிதர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊரைச் சுற்றி முடித்தபின் பெரியவர்களிடம், "ஊரையே கோயிலா வச்சிருக்கீங்க, சந்தோசம். அப்ப இந்தத் தண்ணி எடுக்கிற எடம் கர்ப்பக்கிரகம். அது பக்கத்துல மாட்டைக் கட்டலாமாங்க?" என்று கேட்டார். நாங்கள் மலையேறத் தொடங்குமுன் மாடுகள் இடம் மாறியிருந்தன.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் குற்றவாளி நான்.

பழனி அடிவாரத்தில் யாத்திரிகர்களுக்கு அறை விட்ட குடும்பம் எங்களுடையது. அந்தப் பரம்பரைப் பெருமையோடு மலையேறி வந்து, ஆறு அறை கொண்ட விடுதியை எழுப்பினேன். அரண்மனைகள் வெட்கி ஒதுங்கின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருகிறவர்களிடம் நான் முதலில் பெருமையடித்தது மலைக்காட்சியைப் பற்றி அல்ல, என் செப்டிக் டேங்க்கைப் பற்றி. கட்டி எத்தனையோ வருஷம் ஆகியும் அது ஒருமுறைகூட நிரம்பவில்லை. ஊரில் எல்லாரும் வருஷாவருஷம் லாரி வரவழைத்துக் கழிவை அள்ளும்போது, நான் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஆசியக் கண்டத்திலேயே சிறந்த டேங்க் என்று சொல்லித் திரிந்தேன்.

அந்த வருஷம் சீசன் தொடங்கும்போது, கீழ்த்தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு மஞ்சள்காமாலை கண்டது. செல்லக்கனிக்கும் வந்தது. அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. மாசமாக இருப்பவளுக்கு இந்தக் காமாலை வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணெல்லாம் மஞ்சளாக அவளைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைவேலு அன்றே ஊற்றைச் சுற்றி முள்கட்டி, லாரித் தண்ணீர் வரவழைத்தார். பிறகு மேலே ஏறி என்னிடம் வந்தார்.

வழக்கம்போலப் பச்சைத் தண்ணி கேட்டார். கொடுத்தேன். குடித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அதே டம்ளரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப இதைக் குடிங்க, மொதலாளி."

"இது எங்க உள்ள தண்ணிங்க?"

"உங்க தண்ணிதான். கொஞ்சம் சுத்திட்டு வந்திருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் டேங்க்கின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்தேன். இதுவரை நிரம்பாத டேங்க் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெரம்பலைன்னா அதெல்லாம் எங்க போகுது?" என்றார். உலகத்தில் இதைவிடச் சின்னக் கேள்வி கிடையாது. ஆனாலும் அதுவரை எனக்கு அது தோன்றியதில்லை. "மேல இருக்கிறவனுக்கு எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணிதான், மொதலாளி. கீழ எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

அந்த டம்ளரை நான் தொடவில்லை. தொடாததே பதில்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

அவர் ஒரு பொட்டலம் எடுத்தார். பார்க்க மிளகாய்த்தூள் போல இருந்தது. தண்ணீரில் பட்டால் கிளிப்பச்சை ஆகிவிடும் சாயம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றார். உங்கள் ஆறு கழிவறையிலும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம், ஊற்றில் பச்சை வராவிட்டால் நானே உங்கள் டேங்க்குக்கு மாலை போடுகிறேன் என்றார். "வந்துச்சுன்னா பழனிக்குப் போயி மொட்டை போட்டுக்கிறேன்" என்று நான் முழங்கினேன். அவர் நோட்டைத் திறந்து, "மொட்டை" என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை கீழ்த்தெருவிலிருந்து கூப்பாடு கேட்டது. ஓடினேன். அந்த வயதில் ஒலிம்பிக்கில் ஓடியிருந்தால் தங்கம் எனக்குத்தான். முள்ளுக்கு அப்பால் ஊற்று முழுக்கக் கிளிப்பச்சை. பாறை இடுக்கிலிருந்து நூல் நூலாகப் பச்சை இறங்கிக்கொண்டிருந்தது. தெருவே கூடி நின்றது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியாவது தப்பித்திருப்பேன். குழந்தைவேலு ஒரு டம்ளரில் மொண்டு என்னிடம் நீட்டினார். "பச்சைத் தண்ணி, மொதலாளி" என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே பழனிக்கு இறங்கி மொட்டை போட்டேன். தலையில் சந்தனம் குளிர்ந்தது. பாவம் எல்லாம் முடியோடு போய்விட்டது என்ற நிம்மதியில், பஞ்சாமிர்தமும் கையுமாக பஸ் ஏறப்போனேன். அங்கே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளோடு குழந்தைவேலு நின்றுகொண்டிருந்தார். என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"முருகனுக்கு மொட்டை குடுத்தாச்சு, நல்லது. ஆனா முருகன் அந்த ஊத்துல தண்ணி குடிக்கலையே. டேங்கை எப்பத் தோண்டுறீங்க?"

சீசன் முடியட்டும் என்றேன். ஆறு அறையும் நிரம்பியிருந்த நேரம் அது.

"செல்லக்கனிக்கும் இது சீசன்தாங்க. ஏழு மாசம்."

மலை ஏறி முடியும்வரை கையிலிருந்த பஞ்சாமிர்தத்தை நான் திறக்கவே இல்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று தெரியும். ஊர் போனதும் அறைகளைக் காலி செய்து கதவைப் பூட்டினேன். தோண்டிப் பார்த்தால், ஆசியாவின் சிறந்த டேங்க்குக்கு அடித்தளமே இல்லை. பாறை இருக்கிறதே, அதுவே தளம் என்று கொத்தனாரிடம் அன்றைக்குச் சொன்னவன் நான்தான். பாறையில் கை நுழைகிற அளவு ஒரு வெடிப்பு நேராக ஊற்றை நோக்கிப் போயிருந்தது. புதுக் குழிக்குச் சரிவின் மறுபக்கத்தில் இடம் குறித்து, பேன்ட்டை மடித்துவிட்டுத் தானே உள்ளே இறங்கி டேப் பிடித்தார் குழந்தைவேலு. தளம் போட்ட அன்று, காய்கிறவரை பக்கத்திலேயே நின்றார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

செல்லக்கனி பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. பூண்டுப் பல் அளவுக்கு ஒரு பெண் குழந்தை. இன்றைக்கு அது கல்யாணமாகி, தன் வீட்டுக்காரரை விரட்டுகிற விரட்டில் அம்மாவையே மிஞ்சிவிட்டது. மழை கழிந்து ஊற்றைச் சோதித்துச் சுத்தம் என்று உறுதியானதும், முள்ளை எடுத்துவிட்டு முதல் டம்ளரைக் குழந்தைவேலு குடித்தார். இரண்டாவதை என்னிடம் நீட்டினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தேன். அதற்குப்பின் நான் குடித்த எதிலும் அந்த ருசி இல்லை. மீதமிருந்த சாயப் பொட்டலத்தை அன்றைக்கு என் கையில் கொடுத்தார். "இந்தப் பொடிக்கு வயசாகாது. வச்சிருங்க. மேல எவனாச்சும் கட்டாமலா போயிருவான்?" என்றார்.

கடைசியாகப் போன தை மாதம் கன்னிவாடியில் அவர் வீட்டில் பார்த்தேன். தொண்டைக்கு ஆகாது என்று அவர் மனைவி சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "பாத்தீங்களா, மொதலாளி. எனக்கே பச்சைத் தண்ணி கெடையாதாம்" என்று சிரித்தார். பிறகு ஊற்று எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் சுகத்தைக் கேட்டது அதற்கப்புறம்தான்.

துக்கத்துக்குச் செல்லக்கனியும் நானும் சேர்ந்து போய் வந்தோம். அடுத்த நாள் காலை, என் விடுதிக்கு மேலே கண்ணாடியும் கம்பியுமாகப் புதிதாக எழுந்திருக்கிற கட்டடத்துக்கு ஏறினேன். முதலாளி தங்கமான பையன், கோவைப் பக்கம். காப்பி சொல்லவா என்றார். பச்சைத் தண்ணி போதும் என்றேன். குடித்தேன். தேனாக இருந்தது. மேலே இருக்கிறது அல்லவா? பேச்சுவாக்கில், இரண்டு மாதமாக வேலையாட்கள் அத்தனை பேர் தங்கியும் தன் டேங்க் இன்னும் நிரம்பவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

என் உச்சந்தலை, மொட்டை போட்ட அன்று போலக் குளிர்ந்தது.

மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். என் பழைய கதை அந்தத் தம்பிக்கும் எட்டியிருக்கிறது. "பச்சை வந்தா நானும் மொட்டை போடணுமாங்க, மாமா?" என்றார்.

"வேண்டாம் தம்பி. நேராத் தோண்டிருவோம்" என்றேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு கழிவறைக்கு வழி காட்டினார்.

குழந்தைவேலு எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்வியும் அரைப் பொட்டலம் சாயமும். சாயத்தைச் செலவழித்துவிட்டேன். கேள்வி இருக்கிறது. அதற்கும் வயதாகாது. நாளை மூன்றாம் நாள். ஊற்றடியில் செல்லக்கனி வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாள், சாயம் வந்தால் அதில் முதலில் தெரியுமாம். தெரிந்தால் அந்தத் தம்பி மண்வெட்டி எடுக்கத் தயார், நான் டேப் பிடிக்கத் தயார். தெரியாவிட்டால் மூவரும் ஆளுக்கொரு டம்ளர் குடிப்பதாக ஏற்பாடு. முதல் டம்ளர் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அதை ஊற்றிலேயே விட்டுவிடுவோம்.