கைராசிக்காரிக்கு லீவு கிடையாது

ராமுத்தாய்க்குக் காய்கறி பிடிக்காது. ஒரு துண்டு கருவாடு இருந்தால் போதும், பானைச் சோறு இறங்கிவிடும். சுரைக்காய் என்று பேச்செடுத்தாலே முகத்தைச் சுளிப்பாள். அவள் வீட்டுக் கொல்லையில் இருந்தவை ஒரு துவைகல், ஒரு கொடிக்கயிறு, புருஷன் பேச்சிமுத்து ரிப்பேருக்கென்று அவிழ்த்துப் போட்டு மறந்துபோன பம்புசெட் மோட்டார் இரண்டு. அங்கே புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். ஜெயமங்கலத்தில் அந்தத் தெருவிலேயே பச்சை இல்லாத கொல்லை அது ஒன்றுதான். அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் தெரு தன் தோட்டங்களுக்கெல்லாம் பொறுப்பாக்கி வைத்திருந்தது.

ஆரம்பம் ஒரு காதுகுத்து. கஸ்தூரியம்மாள் வீட்டு விசேஷத்துக்குப் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்த ராமுத்தாய், எழுந்துபோய்க் கொட்டச் சோம்பல்பட்டு, வழித்த குடலை விதையோடு சுவர் ஓரமாக வீசினாள். அந்த வருடம் தெருவில் எல்லார் வீட்டுக் கொடியும் இலை சுருண்டு போயிற்று. அந்தச் சுவரோரத்துக் கொடி மட்டும் கூரை ஏறி, பக்கத்துக் கூரையும் ஏறி, காய்த்துத் தள்ளியது. "வீசுன கை யாரு கை?" என்று கஸ்தூரியம்மாள் விசாரித்தாள். தெருவில் அவள் விசாரித்தால் அது தீர்ப்பில்தான் போய் நிற்கும். அடுத்த ஆடியிலிருந்து விதை ஊன்ற ராமுத்தாய் வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. முளைத்தால் ராமுத்தாய் கைராசி. முளைக்காவிட்டால் விதை சொத்தை. இந்தக் கணக்கில் ஒரு கைராசி பொய்த்துப்போக வழியே கிடையாது.

அதோடு விட்டிருந்தால் வருடத்தில் ஒரு நாள் வேலை. விதை ஊன்றின கைதான் முதல் காயும் பறிக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது. எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால், இந்தத் தெருவில் இருக்கிறது. வெண்டை ஒரு வீட்டில் முந்தும், புடலை ஒரு வீட்டில் பிந்தும், அவரை பனி விழுந்த பிறகுதான் மனசு வைக்கும். அது முடிந்ததும் தைப்பட்டம் வந்து நிற்கும். ஆக, கைக்குச் சொந்தக்காரி ஊரைவிட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் நகர முடியாது. ஒருமுறை உறவுக்காரருக்குத் துணையாகத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பினாள். அதற்குள் கஸ்தூரியம்மாள் வீட்டுப் பாகல் மஞ்சளித்துவிட்டது. எல்லாரும் பாகலைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

இதே தெருதான் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, அவள் அடுப்பை ஒரு மாதம் எரிய விடாமல், வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தது. கொடுமைக்காரத் தெருவாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். நல்ல தெருவாகப் போய்விட்டதால் வழி தெரியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஆனி மாதத்தில் அன்னத்தாய் போன் செய்தாள். சித்தி மகள், குமுளியில் ஒரு லாட்ஜில் துணி வெளுக்கிற வேலை. தெருவில் போன் இருந்தது கஸ்தூரியம்மாள் வீட்டில்தான், அதுவும் கூடத்து நடுவில்.

"அக்கா, இங்கன சமையலுக்கு ஆளு வேணும்கிறாக. கார்த்திகை பிறந்தா சாமிமார் கூட்டம் வந்துரும், அதுக்குள்ள வந்து சேரணும். சம்பளம் போக தனி முறி தாராக."

முறி என்றால் அறை. குமுளிக்குப் போய் இரண்டு வருடத்தில் அன்னத்தாய்க்கு நாக்கு பாதி மலை ஏறியிருந்தது.

"தனியாவா? உள்பக்கம் தாப்பா இருக்கா?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

சம்பளத்தைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. ஐம்பதைத் தொடப்போகிற அந்த வயது வரை, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் யாரும் தட்டாத ஓர் அறையில் அவள் இருந்ததில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதுகூட, "ராமுத்தாயி, புடலையில வெறும் பூவா பூக்குது, பிஞ்சு நிக்க மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்று குரல் வரும். குமுளியில் யாருக்கும் அவள் கையைத் தெரியாது. அந்த அறையை அன்றைக்கே மனசுக்குள் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டாள்.

பேச்சிமுத்துவிடம் சொன்னாள். பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் செட்டிலாகிவிட்டதால் வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "போறதுன்னா போ. நான் என்னத்தத் தடுக்கப்போறேன். தெருவுல ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார். புருஷன் விட்டும் தெரு விடாத பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

தெருவில் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் குழாயடிக்குப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டு போயிருந்தது.

"போத்தா, நல்லாப் போ. யாரு வேணாங்கிறா?" என்றாள் கஸ்தூரியம்மாள், குடத்தை நிமிர்த்திக்கொண்டே. "ஆடியில வந்து ஊன்றிட்டு, எல்லார் வீட்டுலயும் தலைக்காயப் பறிச்சுக் குடுத்துட்டுப் போ."

"தலைக்காய் தை வரைக்கும் வரும் மதினி."

"அப்பத் தையில போ."

"தையில அடுத்த பட்டம் வந்துரும்ல."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் கஸ்தூரியம்மாள், உண்மையான கவலையோடு.

வரிசையின் கடைசியில் நின்ற ஞானபாக்கியம், "நான் ஊன்றுறேன் மதினி, அக்கா போகட்டும்" என்றாள். குழாயடியே சிரித்தது. ஞானபாக்கியம் தொட்டால் பிளாஸ்டிக் பூவும் வாடும் என்பது தெருவின் பழைய வேடிக்கை. புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறவள். எப்போதோ யார் வீட்டிலோ அவள் தண்ணீர் ஊற்றிய முருங்கை முறிந்து விழுந்ததாம். அன்று காற்றும் அடித்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் கொல்லையிலோ உடைந்த குடத்திலும் பெயிண்ட் டப்பாவிலும் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் கிளை ஒடிகிற மாதிரி காய்த்தன. அதற்கும் தெருவிடம் பதில் இருந்தது: அவள் வீட்டு மண்ணு நல்ல மண்ணு. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டு, எதற்கு எந்த உரம் என்று மனப்பாடமாக வைத்திருந்த ஒருத்தியை ஒரு விதையைத் தொடவிடவில்லை. விதை என்றாலே கொட்டாவி விடுகிற ஒருத்தியை விட்டு விலகவும் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் எல்லா வீட்டு விதையும் பேப்பரில் மடித்து ராமுத்தாய் வீட்டுச் சாமி மாடத்துக்கு வந்துவிடும். ராத்திரி அங்கே இருந்து, காலையில் அவள் கையால் மண்ணுக்குப் போகும். அந்த வருடம் மடிப்புகளை வரிசையாக வைத்துவிட்டு, விளக்கேற்றப் போனவள் நின்றாள். கைராசி போனால்தானே கை விடுதலையாகும்? இவ்வளவு நாளும் இது தோன்றாமல் போயிற்றே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

பாகல், புடலை, பீர்க்கை மடிப்புகளை மட்டும் எடுத்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கொதிக்கவிட்டு விதையைப் போட்டுவிடுவது என்பது திட்டம். பானைக்குள் அடியில் முதல் குமிழி கிளம்பியதுமே கை தானாகப் பானையை இறக்கிவிட்டது. பத்து வீட்டுச் சோற்றுக்கு வெஞ்சனம். ஒரு மாதம் சோறு போட்ட கைகள் மடித்துக் கொடுத்த பேப்பர். பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு ஆற்றி, அதில் விதைகளைப் போட்டு மூடிவைத்தாள். செத்தும் சாகாமலும் கிடக்கட்டும், பாதி முளைக்காமல் போனாலே போதும் என்று நினைத்தாள். விடியுமுன் வடித்து, துணியில் துடைத்து, பழையபடி மடித்துவைத்தாள். அரைமனசாகச் செய்த கொலை அது.

பாகல், புடலை, பீர்க்கை விதைகளுக்குத் தோல் தடிமன். தண்ணீர் உள்ளே இறங்க நாளாகும். அதனால்தான் மெதுவாக முளைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு கிடந்தால் அவற்றுக்கு அதைவிடச் சுகம் வேறு இல்லை. பத்து வருடம் தோட்டம் வைத்தவளுக்கு இது தெரிந்திருக்கும். ராமுத்தாய்க்கு எப்படித் தெரியும்? அவளிடம் கைராசிதானே இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள்ளேயே தெருவில் கூச்சல். எந்த வருடமும் இல்லாத வேகத்தில் பாகலும் புடலையும் பீர்க்கையும் மண்ணைத் தள்ளிக்கொண்டு முளைத்துவிட்டன, ஒன்று விடாமல். சுருளியாண்டி என்கிற ரிட்டையர்டு கண்டக்டர், "நேத்துப் பாத்தப்ப மண்ணு, இன்னைக்குப் பாத்தா ரெண்டு இலை. ராமுத்தாயி, நீ கையா வச்சிருக்க, கரண்டா வச்சிருக்க?" என்றார். கஸ்தூரியம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராமுத்தாய்க்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்து அழுதார்கள்.

பிறகு பருவம் பருவம்போல நகர்ந்தது. காலையில் குழாயடியில் ஒவ்வொரு வீட்டு நிலவரமும் ஒலிபரப்பாகும். எனக்குப் பந்தல் ஏறிருச்சு, உனக்கு? இலையில பேன் விழுந்திருக்கு. சாம்பலத் தூவு. சாம்பல் தூவுனேன், கருகிருச்சு. ஈரத்தோட தூவுனியாக்கும், காஞ்சப்பத் தூவணும். புளிச்ச மோரு ஊத்து. மீன் கழுவுன தண்ணி ஊத்து. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாத, அழுகிப் போகும், விரல மடக்கிக் காட்டு. புடலங்காய்க்குக் கல்லுக் கட்டுனியா, இல்ல பாம்பு மாதிரிச் சுருளட்டும்னு விட்டுட்டியா? ஒவ்வொரு ஆலோசனைக்கும் எதிராக ஒன்று வரும். இரண்டும் கடைசியில் ராமுத்தாயிடம் வந்து நிற்கும். "நீ என்னத்தா சொல்ற?" அவள் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். ஒருநாள் எரிச்சலில், "அப்படியே விடுங்க, அதுபாட்டுக்கு வளரட்டும்" என்றாள். அந்த வாரம் முழுக்கத் தெருவே செடியைத் தொடாமல் விட்டது. செடிகளும் நிம்மதியாக வளர்ந்தன. அதையும் அவள் கணக்கில் எழுதினார்கள்.

அன்னத்தாய் மறுபடி அழைத்தாள். "அக்கா, என்ன, வாரியா இல்லையா? ஐப்பசி பிறந்துருச்சு. முதலாளி வேற ஆளப் பாக்கவாங்கிறாக."

"வாரேன்டி. எப்படியும் வாரேன்."

கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாளின் சொளகு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

அடுத்த நாள் குழாயடியில் ராமுத்தாய் துணிந்து உண்மையைச் சொல்லிவிட்டாள். கையில் ஒன்றுமில்லை, விதை கெட்டுப்போகட்டும் என்றுதான் சுடுதண்ணீர் ஊற்றினேன், அதில் கிடந்தது மட்டும்தான் சீக்கிரம் முளைத்திருக்கிறது, இனி யார் ஊற்றினாலும் முளைக்கும். திட்டுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள், அதோடு தீர்ந்தது என்று தயாராக நின்றாள்.

யாரோ குழாயை அடைத்தார்கள்.

"கெட்டுப் போகட்டும்னா ஊத்துன?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"ஆமா மதினி."

"கெடுக்கணும்னு நீ ஊத்துனாலே இப்படி முளைக்குதே." கஸ்தூரியம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கட்டும்னு ஊத்துனா எப்படி இருக்கும்?"

"அது ரேடியோவுலயே சொன்னாக" என்று ஞானபாக்கியம் ஆரம்பித்தாள். "தடித்த தோலு விதைய வெந்நியில ஊறப்போடணும், யாரு போட்டாலும்..."

"உன்னய யாரும் கேக்கல" என்றது வரிசை.

ஐப்பசி கடைசியில் அன்னத்தாயின் மூன்றாவது போன் வந்தது. வியாழக்கிழமைக்குள் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். ராமுத்தாய் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பார்த்தாள். அங்கே கஸ்தூரியம்மாளின் புடலை அப்போதுதான் பூவிலிருந்து பிஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. எல்லார் வீட்டிலும் முந்தியது இந்த வீட்டில் மட்டும் ஏனோ பிந்தியிருந்தது. கிளம்பினால் இதற்கு ஏதாவது ஆகுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதும் திடுக்கிட்டாள். கையில் ஒன்றுமில்லை என்று குழாயடியில் அடித்துச் சொன்னவளுக்குள்ளேயே அதை நம்புகிற ஒருத்தி எப்போது குடியேறினாள்?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டாகளா?"

"மாட்டாகக்கா. வேற யாரும் இருந்தாலும் சொல்லு, நம்பிக்கையான ஆளா."

ராமுத்தாய் இன்னொரு முறை புடலைப் பிஞ்சைப் பார்த்தாள். "ஞானபாக்கியத்த அனுப்புறேன்" என்றாள்.

ஞானபாக்கியம் போக விரும்பவில்லை. "என் கத்தரி பூத்திருக்குக்கா" என்று அழுதாள். ஆனால் தெருவுக்கு அவள் போவதில் ஆட்சேபணையே இல்லை. கஸ்தூரியம்மாள் வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். சுருளியாண்டி பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவளைச் சேர்த்துக்கொள்ளாத தெரு, வழியனுப்புவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பஸ் ஏறுமுன் ஞானபாக்கியம் தன் கொல்லைக் கதவுச் சாவியை ராமுத்தாய் கையில் வைத்து அழுத்தினாள். "நீதான் தண்ணி ஊத்தணும். வேற யாரையும் விட்டுராத. உன் கைக்குத்தான் பிழைக்கும்."

அவளுமா என்று ராமுத்தாய் நினைத்தாள்.

கார்த்திகை நடுவில் குமுளியிலிருந்து போன் வந்தது, இந்த முறை ஞானபாக்கியம்.

"அக்கா, கத்தரிக்குக் காலையில ஊத்துறியா, சாயந்தரமா?"

"காலையில. அங்கன குளிரா இருக்கா?"

"இருக்கு. இலைக்கு அடியில திருப்பிப் பாத்தியா? வெள்ளையா எதும் ஒட்டியிருக்கா?"

"இல்ல. முறி எப்படி? பெருசா?"

"இருக்கு ஒரு முறி. மிளகாயில பழுத்தத ஒண்ண விதைக்கு விட்டுரு, எல்லாத்தையும் பறிச்சுராத."

"விடுறேன். ஞானம், தாப்பா நல்லா விழுதா?"

"நான் போட்டுப் பாக்கலக்கா" என்றாள் ஞானபாக்கியம். "தக்காளிக்குக் குச்சி நட்டியா?"